முயல் வளர்ப்போர் சங்கத்தில் சேரலாமா?



இம்மாதம் வந்த கடிதங்களில் ஒன்றை முதலில் எடுத்துக்கொள்கிறேன். எழுதியிருப்பவர் செம்பனைத் தோட்டம் ஒன்றில் வாழும் ஒரு சகோதரி. கணவருக்கு 55 வயதாகிவிட்டது. ஊழியர் சேமநிதிப் பணம் கைக்கு வந்திருக்கிறது. மகன் வீட்டுக்குப் பின்னால் கூண்டு கட்டி ஆறு முயல்கள் வளர்க்கிறான். யாரோ ஒருவர் வந்து, "தேசிய முயல் வளர்ப்போர் சங்கம் என்று ஒன்றில் சேர்ந்தால் நல்ல எதிர்காலம் உண்டு" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கணவருக்கு ஆசை. மகனுக்கு அதைவிட ஆசை. "எனக்கு மட்டும் பயமாக இருக்கிறது. சேரலாமா, வேண்டாமா?" என்று கேட்கிறார் சகோதரி.

இது ஒரு வீட்டுக் கேள்வி மட்டுமன்று. தோட்டத்திலும் சரி, தோட்டத்தை விட்டுப் பட்டணத்துத் தாமானுக்குக் குடிபோன இடத்திலும் சரி, ஏதாவது ஒரு சங்கத்தின் பேரைச் சொல்லி யாராவது வாசற்படி ஏறத்தான் செய்கிறார்கள். ஆகவே சற்று நிதானமாகவே பார்ப்போம்.

முயல் வளர்ப்போர் சங்கம் என்பது உண்மையில் நல்ல காரியம். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அது யாருக்கு நல்லது, எப்போது நல்லது, எந்தப் பணத்தில் சேர்வது என்பதை அறிந்தபின்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

சங்கம் என்ன செய்கிறது?

உலகத்திலேயே பேர் பெற்ற முயல் சங்கங்களில் ஒன்று அமெரிக்க முயல் வளர்ப்போர் சங்கம். 1910-ல் வேறொரு பெயரில் தொடங்கியது. இப்போது அதன் தலைமை அலுவலகம் பென்சில்வேனியா மாநிலத்தில் நாக்ஸ் என்னும் சிற்றூரில் இருக்கிறது. முயலோடு கினிப்பன்றி வளர்ப்போரும் அதில் உறுப்பினர்கள். அமெரிக்காவுக்கு வெளியேயும் உறுப்பினர்கள் உண்டு. சிறுவர் சிறுமியருக்குத் தனி உறுப்பியம் உண்டு. அந்தச் சங்கம் செய்யும் வேலைகளைப் பார்த்தால், சங்கம் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பது நமக்கு விளங்கும்.

முதல் வேலை, அளவுகோல் ஒன்றை வைத்திருப்பது. சங்கம் ஏற்றுக்கொண்ட இனங்கள் சுமார் 50. ஒவ்வோர் இனத்துக்கும் உடற்கட்டு எப்படி, ரோமம் எப்படி, நிறம் எப்படி, எடை எவ்வளவு என்று எழுதி, மொத்தம் 100 புள்ளியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை அந்தப் புத்தகத்தைத் திருத்தி அச்சிடுகிறார்கள். நியூசிலாந்து வெள்ளை என்னும் இறைச்சி முயலை எடுத்துக்கொள்ளுங்கள். பேர்தான் நியூசிலாந்து, வளர்த்து உருவாக்கியது அமெரிக்காவில். அதில் வளர்ந்த ஆண் 9 முதல் 11 பவுண்டு, பெண் 10 முதல் 12 பவுண்டு இருக்க வேண்டும் என்பது விதி. நம் கணக்கில் சுமார் 4 முதல் 5½ கிலோ. "என் முயல் நல்ல சாதி" என்று வாயால் சொன்னால் போதாது. தராசில் வைத்துக் காட்ட வேண்டும்.

இரண்டாவது வேலை, பதிவு. ஆறு மாதம் நிரம்பிய முயலை, சங்கத்தின் உரிமம் பெற்ற பதிவாளர் கையில் தூக்கிப் பார்க்கிறார். பல் ஏறுமாறாக இருக்கிறதா, எடை சரியா, குறை உண்டா என்று சோதிக்கிறார். மூன்று தலைமுறை வம்சாவளியும் வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் வலது காதில் பதிவு எண்ணைப் பச்சை குத்துகிறார்கள். இடது காது, வளர்ப்பவர் தமது சொந்த அடையாளத்தைக் குத்துவதற்கு. பிரிட்டனில் வழக்கம் வேறு. 1934-ல் அமைந்த பிரிட்டிஷ் முயல் மன்றம் காதில் குத்துவதில்லை. குட்டியாக இருக்கும்போதே பின்னங்காலில் எண் பொறித்த வளையத்தை மாட்டிவிடுகிறார்கள். கால் பருத்தபின் அது கழலாது. முயல் கைமாறினால் அந்த எண்ணின் உரிமையும் சங்கப் புத்தகத்தில் கைமாறுகிறது.

இந்தப் பதிவின் அருமை பால்மரம் வெட்டியவர்களுக்கு எளிதில் புரியும். ரப்பர்க் கன்று வாங்கப் போனால், "நல்ல கன்று" என்று சொன்னால் யார் வாங்குவார்கள்? ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்றால், அதன் பெற்றோர் ஜிர் 1, பி.பி. 86 என்று ஆராய்ச்சிக் கழகத்தின் புத்தகத்திலேயே இருக்கிறது. மரம் என்ன பால் கொடுக்கும் என்பதை ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம். பெயர் தெரியாத கன்றை நட்டால் ஐந்தாறு ஆண்டு கழித்துத்தான் விஷயம் தெரியும். முயலுக்கும் அப்படியே. தாய் தந்தை தெரியாத முயலை வாங்கி இனம் பெருக்கினால், அண்ணன் தங்கையை ஒன்று சேர்த்துவிட்டு, குட்டிகள் ஏன் நோஞ்சானாகப் பிறக்கின்றன என்று நாம் விழித்துக்கொண்டிருப்போம்.

மூன்றாவது வேலை, கண்காட்சியும் நடுவரும். சங்க அனுமதி பெற்ற காட்சியில் பெறும் வெற்றியைச் சும்மா கணக்கில் சேர்ப்பதில்லை. ஒரு பிரிவில் குறைந்தது மூன்று பேருடைய ஐந்து முயல்களாவது போட்டியில் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட வெற்றி மூன்று வேண்டும். குறைந்தது இரண்டு வெவ்வேறு நடுவர்கள் கொடுத்திருக்க வேண்டும். முயலும் பதிவாகியிருக்க வேண்டும். அதன் பிறகே 'கிராண்ட் சாம்பியன்' என்னும் பட்டம். ஒரே நடுவர் தம் நண்பருக்கு மூன்று முறை பரிசு கொடுத்துவிட முடியாதபடி கட்டிய விதி இது.

நான்காவது வேலை, செய்தி. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை உறுப்பினர்களுக்கு இதழ் வருகிறது. தீனி, நோய், கூண்டு, விற்பனை, யாரிடம் எந்த இனம் இருக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும்.

தனியாளால் முடியாதது எது?

எந்தச் சங்கத்திலும் சேருமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: நான் தனியாக நின்றால் முடியாத எதை இந்தச் சங்கம் எனக்குச் செய்து தரும்?

நம் சமுதாயமே இதற்குச் சாட்சி. 1957-ல் நாடு சுதந்திரம் அடைந்த காலத்தில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் துண்டுதுண்டாக வெட்டி விற்றார்கள். பல குடும்பங்கள் வேலையும் இழந்து வீடும் இழந்து நின்றன. ஒரு பால்வெட்டுத் தொழிலாளி தனியாகத் தோட்டம் வாங்க முடியுமா? முடியாது. 1960-ல் வீ.தி. சம்பந்தன் தலைமையில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. 100 வெள்ளிப் பங்கை மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம் என்றார்கள். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார்கள். அந்த 10 வெள்ளி அன்றைய சம்பளத்தில் சின்னத் தொகையன்று. ஆயினும் கொடுத்தார்கள். ஏனென்றால் கொடுத்த பணம் மண்ணாகவும் மரமாகவும் கண்ணெதிரே நின்றது.

அதே அளவுகோலை முயல் சங்கத்துக்கும் வைப்போம்.

முயல் வளர்ப்பவர் தனியாக நின்றால் முடியாதவை மூன்று. தம் முயலைத் தாமே நடுநிலையாக மதிப்பிட முடியாது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதான். தம் ரத்தத்தோடு சம்பந்தப்படாத நல்ல ஆண் முயலைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். நோய்ச் செய்தி தக்க நேரத்தில் வந்து சேராது.

மூன்றாவதை அற்பமாக எண்ணாதீர்கள். முயல்களுக்கு ரத்தக்கசிவு நோய் என்று ஒன்று உண்டு. 1984-ல் சீனாவில் முதலில் கண்டறியப்பட்டது. அந்தக் கிருமியின் புதிய வகை 2010-ல் பிரான்சில் தோன்றியது. 2020-ல் அமெரிக்காவின் தென்மேற்கு மாநிலங்களில் காட்டு முயல்களையும் சேர்த்து வாரிக்கொண்டு போனது. அதே 2020 செப்டம்பரில் சிங்கப்பூரிலும் வீட்டு முயல்களிடம் முதல்முறையாகக் காணப்பட்டது. நேற்று தின்றுகொண்டிருந்த முயல் இன்று காலை செத்துக் கிடக்கும். வேறு அறிகுறி ஒன்றும் தெரியாமலே போகலாம். தனியாக வளர்ப்பவர் என்ன நினைப்பார்? பாம்பு தீண்டிவிட்டது என்பார். இலையில் விஷம் என்பார். அண்டை வீட்டுக்காரர்மேல் சந்தேகப்பட்டுச் சண்டைக்குப் போனாலும் போவார். அதற்குள் கூண்டிலிருந்து கூண்டுக்கு நோய் தாவிவிடும். நாலு பேரோடு சேர்ந்திருப்பவருக்கோ, "இந்தப் பக்கம் நோய் வந்திருக்கிறது, புது முயல் வாங்காதீர்கள், காட்சிக்குக் கொண்டுபோகாதீர்கள், தடுப்பூசி பற்றி மிருக வைத்தியரைக் கேளுங்கள்" என்று முன்கூட்டியே சேதி வரும். அந்த ஒரு சேதி பத்தாண்டுச் சந்தாவுக்குச் சமம்.

இன்னொரு பலனும் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் இறைச்சித் தட்டுப்பாடு வந்தது. வீட்டுக் கொல்லையில் முயல் வளர்க்க அரசாங்கமே ஊக்கம் கொடுத்தது. முயல் கழகத்தில் சேர்ந்தவர்களுக்குத் தாய்முயல்களுக்கென்று தவிடு ரேஷன் கிடைத்தது. அதற்கு ஈடாகக் குட்டிகளில் ஒரு பங்கை மற்றவர்களுக்கு விற்க ஒப்புக்கொள்ள வேண்டும். தனியாகப் போய்க் கேட்டால் கிடைக்காத தவிடு, கூட்டாகக் கேட்டபோது கிடைத்தது. ஊர் கூடினால்தானே தேர் நகரும்!

சங்கத்தால் முடியாதது எது?

இனி மறுபக்கம். சங்கம் உங்கள் முயலை விற்றுத் தராது. உங்கள் முயலை அது வாங்கவும் வாங்காது. நல்ல சங்கம் எதுவும் அப்படி வாக்குக் கொடுப்பதில்லை.

வம்சாவளிச் சீட்டை எழுதுவதும் சங்கமன்று, முயலை வளர்த்தவர்தாம். அமெரிக்காவிலேயே அப்படித்தான். அவர் நோட்டில் உண்மை இருந்தால் சீட்டிலும் உண்மை இருக்கும். நோட்டே இல்லாதவர் கொடுக்கும் சீட்டு, முத்திரை குத்தியிருந்தாலும் வெறும் காகிதம்.

நம் ஊர் வெயிலையும் சங்கம் குறைத்துத் தராது. முயல் குளிர்ந்த இடத்துப் பிராணி. வெப்பம் 30 பாகையைத் தாண்டினால் அதற்கு மூச்சிரைக்கும். ஆண் முயல்கள் பல வாரங்கள் மலடாகப் போவதும் உண்டு. ஆகவே அமெரிக்கப் புத்தகத்தில் போட்டிருக்கும் எடை நம் தாழ்நிலத் தோட்டத்தில் அப்படியே வந்துவிடும் என்று கனவு காண வேண்டாம். நீண்ட ரோமமுள்ள அங்கோரா முயலுக்குக் கேமரன் மலை ஒத்துக்கொள்ளலாம். தகரக் கூரைக்குக் கீழே வைத்தால் அது படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காது.

அடுத்தது, இறைச்சி வாங்குபவர் முயலின் பாட்டன் பேரைக் கேட்கமாட்டார். எத்தனை கிலோ, என்ன விலை என்றுதான் கேட்பார். சட்டிக்குப் போகும் முயலுக்குக் காதில் பதிவு எண் எதற்கு?

முயல் பித்துப் பிடித்த கதை

இவ்வளவும் சொன்னபின் ஒரு பழைய கதையையும் சொல்லியாக வேண்டும். சகோதரியின் பயத்துக்கு மருந்து இதில் இருக்கிறது.

1898-ஐ ஒட்டி அமெரிக்காவில், குறிப்பாகக் கலிபோர்னியாவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில், 'பெல்ஜியன் ஹேர்' என்னும் முயல்மேல் மக்களுக்குப் பித்துப் பிடித்தது. நீண்ட கால்கள், செம்மை படர்ந்த ரோமம், பார்க்க அழகான இனம். இங்கிலாந்திலிருந்து கப்பல் கப்பலாக வந்து இறங்கின. பேர் பெற்ற ஆண் முயல்களுக்கு ஆயிரம் டாலருக்கு மேலும் விலை பேசினார்கள். வீட்டுக்கு வீடு கூண்டு. வேலையை விட்டவர்களும் உண்டு. கழகங்கள், காட்சிகள், பத்திரிகைகள் எல்லாம் முளைத்தன.

அந்த முயல்களை வாங்கியவர்கள் யார்? முயல் வளர்க்கப் புதிதாக வந்தவர்கள். அவர்களிடம் வாங்கியவர்கள்? இன்னும் புதிதாக வந்தவர்கள். தின்பதற்காக வாங்கியவர் சிலரே. முயலோ 31 நாளில் ஈனும் பிராணி. மூன்றே ஆண்டில் ஊரெல்லாம் முயல். 1901 வாக்கில் விலை தரையில் விழுந்தது. கடைசியாக வாங்கியவர் கையில் மிஞ்சியது கூண்டும் கடனும்தான்.

அது வெள்ளைக்காரன் கதை என்று ஒதுக்காதீர்கள். தமிழ்நாட்டில் ஈரோடு மாவட்டத்துப் பெருந்துறைப் பக்கத்தில் ஈமுக்கோழிக் கதையும் இதுவே. குஞ்சு நாங்கள் தருகிறோம், மாதாமாதம் பணம் தருகிறோம், வளர்ந்ததைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். நகையை விற்றுப் போட்டவர்கள் பலர். 2012-ல் எல்லாம் குலைந்தது. பட்டினி கிடந்த பறவைகளுக்குத் தீனி போட அரசாங்கமே வர வேண்டியதாயிற்று.

இரண்டு கதைக்கும் ஒரே பாடம். ஒரு பிராணியைக் கடைசியில் வாங்குபவர் யார் என்று கேளுங்கள். தின்பவரா, ஆசையாக வீட்டில் வளர்ப்பவரா? அப்படியானால் சந்தை இருக்கிறது. நம்மைப்போல் இனம் பெருக்கி விற்க நினைப்பவர் மட்டுமே வாங்குகிறார் என்றால், அது சந்தையன்று, வரிசை. வரிசையின் கடைசியில் நிற்பவர் பெரும்பாலும் நம்மவராகவே இருக்கிறார்.

யார் சேரலாம்?

முயல் வளர்க்கும் குடும்பங்களை மூன்றாகப் பிரிக்கலாம்.

பிள்ளைகள் ஆசைக்கு இரண்டு முயல் வைத்திருப்பவர்கள் முதல் வகை. இவர்கள் தேசியச் சங்கத்தில் சேர வேண்டிய அவசியமில்லை. பட்டணத்து அடுக்குமாடி வீட்டில் வளர்ப்பவர்களும் இந்த வகைதான். நல்ல மிருக வைத்தியர் ஒருவரைத் தெரிந்து வைத்திருந்தால் போதும். ஆணையும் பெண்ணையும் ஒரே கூண்டில் விடாமல் இருந்தால் இன்னும் நல்லது.

குழம்புக்கும், அக்கம்பக்கத்தில் இறைச்சியாக விற்கவும் வளர்ப்பவர்கள் இரண்டாம் வகை. இவர்களுக்குத் தேசியச் சங்கத்தைவிடப் பக்கத்துத் தோட்டங்களில் முயல் வளர்க்கும் நாலைந்து பேரின் பழக்கமே பெரிய உதவி. ஆண் முயலை மாற்றிக்கொள்ளலாம். தீனியை மூட்டையாக வாங்கிப் பங்கு போடலாம். கால்நடைச் சேவை இலாகாவின் மாவட்ட அலுவலகத்தில் கேட்டால் ஆலோசனையும் கிடைக்கும்.

நல்ல இனத்தைப் பெருக்கி, குட்டியை வளர்ப்புக்காக விற்பவர்கள் மூன்றாம் வகை. சங்கம் இவர்களுக்காகவே இருக்கிறது. இவர்களுக்குப் பெயர்தான் முதல். பதிவு, நடுவரின் தீர்ப்பு, மற்றவரோடு பழக்கம் எல்லாம் காசாக மாறும். காட்சியில் தோற்றாலும் நஷ்டமில்லை. நடுவர் சொன்ன குறை, அடுத்த ஈற்றில் எந்த ஆணோடு எந்தப் பெண்ணைச் சேர்ப்பது என்பதைக் கற்றுக்கொடுக்கும்.

கணக்குப் போட்டும் பார்க்கலாம். இரண்டு தாய்முயல், ஆண்டுக்கு நான்கு ஈற்று, ஈற்றுக்கு ஐந்து குட்டி தேறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 40 குட்டி. சந்தாவும் தபாலும் சேர்ந்து ஆண்டுக்கு 60 வெள்ளி ஆகிறது என்றால், ஒரு குட்டிக்கு விழுவது 1 வெள்ளி 50 காசு. சங்கத்தில் இருப்பதால் ஒவ்வொரு குட்டிக்கும் அதைவிட அதிகமாகக் கிடைக்கிறதா? அல்லது சாகாமல் தப்பும் குட்டிகள் கூடுகின்றனவா? இரண்டில் ஒன்று ஆம் என்றால் சேரலாம். இரண்டும் இல்லை என்றால் வீண்செலவு. ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் அல்லவா?

கேட்க வேண்டிய கேள்விகள்

சங்கம் என்று சொல்லிக்கொண்டு வருபவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். காப்பி கொடுத்து உபசரியுங்கள், ஆனால் கேளுங்கள்.

ஒன்று: சங்கம் பதிவு பெற்றதா? மலேசியாவில் சங்கம் என்றால் 1966-ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின்கீழ்ச் சங்கப் பதிவிலாகாவில் பதிந்திருக்க வேண்டும். கூட்டுறவு என்றால் மலேசியக் கூட்டுறவு ஆணையத்தின்கீழ் வரும். சிங்கப்பூரிலும் சங்கங்களுக்குப் பதிவகம் உண்டு. பதிவு எண்ணை எழுதி வாங்கிக்கொண்டு, பிள்ளைகளில் படித்த ஒருவரை விட்டு விசாரிக்கச் சொல்லுங்கள்.

இரண்டு: கடைசி ஆண்டுப் பொதுக்கூட்டம் எப்போது நடந்தது? வரவுசெலவுக் கணக்கு எங்கே?

மூன்று: உறுப்பினராக வேண்டுமானால் சங்கத்திடமே முயலும் கூண்டும் தீனியும் வாங்கியாக வேண்டுமா? ஆம் என்றால் அது சங்கமன்று, கடை.

நான்கு: ஆள் சேர்த்துவிட்டால் எனக்குக் கமிஷன் உண்டா? உண்டு என்றால் வாசல்வரை கொண்டுபோய் வழியனுப்பிவிடுங்கள்.

ஐந்து: பழைய உறுப்பினர் ஒருவருடைய கூண்டுகளைச் சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்க்கலாமா? நேர்மையானவர் தாராளமாகப் பாருங்கள் என்பார்.

இப்போது சகோதரிக்கு என் பதில். அம்மா, உங்கள் பயம் நியாயமானது. சேமநிதிப் பணத்தைத் தொடாதீர்கள். அது உங்கள் இருவரின் முதுமைக்குக் கஞ்சி. கணவரோடு சண்டை வேண்டாம். "சங்கத்தில் சேர்வோம், ஆனால் முயல் சம்பாதித்த காசில் சேர்வோம்" என்று சொல்லுங்கள். அதில் அவர் கௌரவமும் கெடாது, மகனின் ஆசையும் வாடாது. இருக்கும் ஆறு முயலோடு மகன் ஓராண்டு ஓட்டட்டும். குட்டி விற்ற காசில் தீனிச் செலவு போக மிஞ்சினால், அந்த மிச்சத்தில் சந்தா கட்டட்டும். மிஞ்சவே இல்லை என்றால், சங்கத்தில் சேர்ந்தாலும் மிஞ்சியிருக்காது.

சேருவதற்கு முன் ஓராண்டு

முயல் வளர்க்கும் எல்லாருக்குமே இந்த ஓராண்டு வேலையைச் சொல்லி வைக்கிறேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதும் கோடு போட்ட நோட்டு ஒன்று போதும்.

ஒவ்வொரு முயலுக்கும் ஓர் எண். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். பிறந்த தேதி, தாய் எண், தந்தை எண். இணை சேர்த்த தேதியை எழுதி, அதிலிருந்து 31 நாளை எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். 28-ஆம் நாள் குட்டிப் பெட்டியில் உலர்ந்த புல் போட்டுக் கூண்டுக்குள் வைக்க வேண்டும். எத்தனை குட்டி பிறந்தது, பால் மறக்கும்போது எத்தனை மிஞ்சியது, எட்டாம் வாரத்தில் எடை என்ன, செத்தது எதனால் என்று உண்மையை எழுதுங்கள். தீனி வாங்கிய ரசீதைக் கடைசிப் பக்கத்தில் ஒட்டுங்கள். ஒரு கிலோ எடை கூட மூன்று நான்கு கிலோ தீனி தின்னும் பிராணி அது. ஆகவே புல்லும் கீரையும் எவ்வளவு கிடைக்கிறது என்பதில்தான் லாபம் இருக்கிறது.

புல் என்றதும் ஓர் எச்சரிக்கை. மருந்தடித்த காட்டில் அறுத்த புல்லை முயலுக்குப் போடாதீர்கள். பாராக்குவாட் மருந்துக்கு மலேசியாவில் 2020 முதல் தடை இருந்தாலும், வேறு களைக்கொல்லிகள் தோட்டங்களில் அடிக்கப்படுகின்றன. எந்தக் காட்டில் எப்போது அடித்தார்கள் என்று மண்டோரைக் கேட்டுவிட்டு அறுங்கள். மரவள்ளி இலை பச்சையாக வேண்டாம். சர்க்கரைவள்ளிக் கொடியும் கங்கோங் கீரையும் கொடுக்கலாம். ஈரம் சொட்டச் சொட்டக் கொடுக்காதீர்கள். தோட்டத்து வீட்டில் குடியிருப்பவர்கள் கூண்டு கட்டுமுன் நிர்வாகத்திடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கட்டியபின் பிரிக்கச் சொன்னால் மனவருத்தம்.

ஓராண்டு கழித்து அந்த நோட்டைப் புரட்டுங்கள். எந்தத் தாய் நன்றாக வளர்க்கிறாள், எந்த ஆணின் குட்டிகள் சீக்கிரம் தேறுகின்றன என்பது தெரிந்துவிடும். அந்த நோட்டோடு போய் எந்தச் சங்கத்தின் வாசலில் நின்றாலும் உங்களை மரியாதையாக வரவேற்பார்கள். அங்கே கேட்பதற்கும் உங்களிடம் கேள்வி இருக்கும். சொல்வதற்கும் செய்தி இருக்கும். சந்தா அப்போதுதான் பலன் தரும். நோட்டு இல்லாமல் போனால் கிடைப்பது சுவரில் மாட்டும் ஓர் அட்டை மட்டுமே.

நோட்டு எழுதத் தொடங்கியவர்கள் மூன்று மாதக் கணக்கை எனக்கு எழுதியனுப்புங்கள். பிறந்தது எத்தனை, பிழைத்தது எத்தனை என்ற இரண்டு எண் போதும். பிழைத்தது குறைவாக இருந்தால் ஏன் என்று இந்தப் பக்கத்திலேயே சேர்ந்து பார்ப்போம்.

அடுத்த இதழில் சந்திப்போம். வணக்கம்.